பின்வளவில் கட்டும் வேலை நின்றுபோனால்: மலையகத்து வீட்டுக்காரருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பிரதேச சபைக் கட்டடத்துக்கு எதிரே எனக்கொரு போட்டோக்கொப்பிக் கடை. ஊர் வாயில் அது கொமினிகேஷன். கட்டட அனுமதிக்கு உள்ளே போகிறவர்கள் போகும்போது ஒரு தரம் என்னிடம் வருவார்கள், திரும்பும்போது இன்னொரு தரம். இரண்டாவது தரம் முகம் வேறாக இருக்கும். “காணி உறுதி மட்டும் போதாதாம் அண்ணே, சர்வே பிளானும் வேணுமாம்.” “மண்சரிவு ரிப்போட் எங்கன்னு கேக்குறாங்க, அது எங்க எடுக்கிறது?” பத்துப் பன்னிரண்டு வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு, படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலையும் தானாக என் தலையில் விழுந்தது. அப்புறம் நானே என் வீட்டுக்குப் பின்னால் ஒரு குசினி (சமையலறை) இறக்கப் போய் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதை கீழே வரும்.

உங்களுக்கு என்ன நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். போகும் முன் ஒரு விஷயம் மட்டும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்: உங்களை நிறுத்தியவர் யார்? சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரா, அதாவது டி.ஓ.வா? பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யா? கிராம சேவகரா, தோட்டத்து ஆபீஸ் ஆளா, வீதிக்காரரா? “கவர்மெண்டுல இருந்து வந்தாங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். ஒவ்வொருவருக்கும் சட்டம் வேறு, கேட்கிற தாள் வேறு, போக வேண்டிய ஆபீஸ் வேறு. பி.எச்.ஐ. நிறுத்தியதைப் பற்றி டி.ஓ.விடம் அரை நாள் மன்றாடிப் பிரயோசனம் இல்லை. வந்தவரின் பெயர், பதவி, திகதி, சொன்ன காரணம் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

“இது எங்கள் எல்லை இல்லை” என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்

நுவரெலியா மாவட்டத்துக்காரருக்கு இது அடிக்கடி நடக்கும். பழைய அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும், பழைய நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலை, அக்கரபத்தனை சபைகளும் 2018 இல் தனியாகப் பிரிந்து இயங்கத் தொடங்கின. ஐந்தாக இருந்த பிரதேச சபைகள் ஒன்பதாயின. உங்கள் பழைய உறுதியிலும் வரித்துண்டிலும் பழைய சபையின் பெயர் இருக்கும், கோப்பு போக வேண்டியது புதிய சபைக்கு. ஹட்டன் டிக்கோயா, தலவாக்கலை லிந்துலை நகர சபைகளின் ஓரத்தில் இருப்பவர்களுக்கும் இதே குழப்பம்தான், ஒரே வீதியின் இரண்டு பக்கமும் இரண்டு சபையாக இருக்கலாம். கிராம சேவகரிடம் போய் உங்கள் பிரிவு எந்தச் சபைக்குள் வருகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

அத்திவாரம் வெட்டும்போதே வந்து “வேலையை நிறுத்து” என்கிறார்கள்

அனுமதி எடுக்காமல் தொடங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பின்வளவில்தானே, ரோட்டிலிருந்து தெரியாதே என்ற நினைப்பு மலையில் செல்லாது. மேல் வீட்டிலிருந்து பார்த்தால் உங்கள் முழு வளவும் உள்ளங்கை போலத் தெரியும்.

1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. அது செல்லுபடியாகும் இடங்களில் சபைத் தலைவர் ஒப்புதல் தந்த வரைபடம் இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடமென்றால் 1978 இன் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சட்டத்தின் 28 ஆம் பிரிவுக்குப் பின்னால் சேர்த்த பகுதிப்படி, அனுமதி இல்லாத வேலையை நிறுத்தவோ பழைய நிலைக்குக் கொண்டுவரவோ எழுத்தில் அறிவித்தல் தருவார்கள். குறைந்தது 7 நாள் அவகாசம் இருக்கும். அதற்கும் அசையாவிட்டால் நீதவான் நீதிமன்றம் போய் இடிக்கும் கட்டளை வாங்கலாம்.

ஆகவே முதல் வேலை, உண்மையிலேயே நிறுத்துவது. பகலில் நிறுத்திவிட்டு இரவில் லைட் போட்டுக் கல் அடுக்கியவர்களை எனக்குத் தெரியும். அறிவித்தல் வந்த பிறகு சுவர் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்குக் கோபமும் உயர்ந்தது, அவ்வளவுதான். நிறுத்திய நாளில் வேலை எந்த மட்டத்தில் இருந்தது என்று நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுங்கள். பிறகு சபைக்குப் போய், நடந்த வேலைக்கும் சேர்த்து அனுமதி கேளுங்கள். கவுண்டரில் ‘கவரிங் அப்ரூவல்’ என்றால் புரியும். கட்டணம் கூடுதல். விதிக்குள் அடங்குகிற கட்டடத்துக்கு மட்டும்தான் அது கிடைக்கும். எல்லைக்கு மேலே ஏறி நிற்கிற சுவரை எந்தக் கட்டணமும் சரியாக்காது.

கொண்டுபோக வேண்டியவை: உறுதி, நில அளவையாளரின் படம், தகுதியான படவரைஞர் கீறிக் கையொப்பமிட்ட வரைபடப் பிரதிகள், ஆதன வரி கட்டிய துண்டு, அடையாள அட்டைக் கொப்பி. வீதி எல்லைச் சான்றிதழைச் சபையிலேயே விண்ணப்பித்து எடுக்கலாம். இதற்கு மேலே மலைநாட்டுக்காரருக்கென்று ஒரு தாள் உண்டு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

“மண்சரிவு அறிக்கை இல்லாமல் கோப்பைத் திறக்க மாட்டோம்”

கட்டடம் கட்டத் தகுந்த இடமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துத் தருகிற அறிக்கை இது. 2011 இல் வந்த சுற்றுநிருபத்தோடு நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி உட்பட 10 மாவட்டங்களில் இது கட்டாயமானது. எங்கள் ஊரில் அந்த நிறுவனத்தை ஆங்கில எழுத்துகளால் என்.பி.ஆர்.ஓ. என்றுதான் சொல்வார்கள். விண்ணப்பம் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும், சபைக்கு அல்ல. பலர் இதைக் கடைசித் தாளாக நினைக்கிறார்கள். அதுதான் பிழை. என் பிழையும் அதுதான்.

என் வீட்டின் பின்சுவருக்கும் மலைவெட்டுக்கும் இடையில் ஆறடி இருந்தது. “இன்னும் நாலடி உள்ளே வெட்டினா ஒரு நல்ல குசினி வரும்” என்று மேசன் பாஸ் கணக்குச் சொன்னார். வரைபடம் கீறியாயிற்று, சபையில் கொடுத்தும் ஆயிற்று. அனுமதி எப்படியும் வந்துவிடும் என்று மம்பட்டியையும் அலவாங்கையும் இறக்கினோம். ஐந்தாம் நாள் டி.ஓ. வந்தார். நான் பிளானை மேசையில் விரித்து, பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்துக் காத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போய், வெட்டிய மண்முகத்துக்கு முன்னால் குந்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மண்ணில் குத்தினார். நிற்கவில்லை, பாதிப் பேனா உள்ளே போய்விட்டது. இரண்டடி தள்ளி இன்னோர் இடத்தில் குத்தினார். அங்கே மூடிகூட இறங்கவில்லை.

“இந்த இடத்துல மட்டும் ஈரம். மேல என்ன இருக்கு?”

“பக்கத்து வீட்டு மலசலகூடக் குழி, சேர்.”

எழுந்து கூரையைப் பார்த்தார். “இந்தத் தண்ணி எங்க போகும்?”

“கீழ போகும், சேர்.”

“கீழ யார் இருக்கா?”

கீழே என் மாமியார் வீட்டுக் கூரை. வரைபடத்தில் கான் (வடிகால்) என்று ஒரு கோடுகூட இல்லை. அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, கொப்பியில் எழுதிவிட்டுப் போனார். அன்றிலிருந்து யார் வரைபடம் கொண்டுவந்தாலும் கொப்பி அடிக்கும் முன் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கூரைத் தண்ணீர், குசினித் தண்ணீர், மலையிலிருந்து வரும் தண்ணீர், மூன்றும் எங்கே போகிறதென்று கீறியிருக்கிறதா? கொழும்பில் பரிசோதகர் அளவுநாடாவோடு வருவார். இங்கே நாடாவுக்கு முன்னால் தண்ணீரைப் பார்ப்பார். பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) மண்ணில் புதைந்ததையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைகள் இறங்கியதையும் பார்த்த மாவட்டங்களில் அவர் வேறு எதைப் பார்ப்பார்?

சரி, என்ன செய்ய வேண்டும்? மண்வெட்டும் முன், முடிந்தால் வரைபடம் கீறும் முன், என்.பி.ஆர்.ஓ. விண்ணப்பத்தைக் கொடுங்கள். அங்கிருந்து வரும் அதிகாரி சரிவைப் பார்த்து ஒன்றில் கட்டலாம் என்பார், ஒன்றில் நிபந்தனையோடு கட்டலாம் என்பார், ஒன்றில் வேண்டாம் என்பார். நிபந்தனைதான் அதிகம் வரும்: எவ்வளவு உயரத்துக்கு வெட்டலாம், தாங்கு சுவர் எப்படி, மேலே கான் எங்கே. அந்த நிபந்தனைகளைப் படவரைஞரிடம் கொடுத்து வரைபடத்திலேயே ஏற்றிவிட்டால், அறிக்கையையும் பிளானையும் டி.ஓ. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கேள்வி எழாது. வரைபடம் ஒன்று, அறிக்கை இன்னொன்று என்று இருந்தால் கோப்பு ஆறு மாதம் உறங்கும்.

எனக்கு வந்த நிபந்தனை: இதற்குமேல் வெட்டக் கூடாது, வெட்டியதற்குக் கருங்கல்லில் தாங்கு சுவர், சுவரின் தலையில் சீமெந்துக் கான். சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பி, ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளைக் கொஞ்சம் சரிவாகப் பதித்தோம், தண்ணீர் வெளியே வடிய. முதல் மழைக்கு எல்லாத் துளையிலும் தண்ணீர் சொட்டியது, அந்த ஈரமான இடத்துக்கு நேரே இருந்த துளையில் ஒழுகியது. அந்தத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். குசினி இரண்டடி குறைந்தது. குசினிக்குச் செலவானதைவிடச் சுவருக்குத்தான் அதிகம் போனது.

காலமும் முக்கியம். ஹட்டன், நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கவனம். மண்வெட்டை மழைக்காலத்துக்கு வைக்காதீர்கள், அனுமதி கையில் இருந்தாலும்.

ஒரு எச்சரிக்கை, இது தாள் சம்பந்தப்பட்டதல்ல. வளவில் புதிதாக நிலவெடிப்பு, திடீரென்று சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக வந்த ஊற்று கலங்குவது, நன்றாக அடைபட்ட கதவு சட்டத்தில் இறுகுவது, இவற்றில் ஏதாவது கண்டால் அனுமதி, வரைபடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டிலுள்ளவர்களை வெளியே எடுங்கள். கிராம சேவகருக்கும் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.

தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்து நிறுத்துகிறார்கள்

லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் பத்தி (சாய்ப்பு) இறக்குகிறீர்கள், அல்லது இஸ்தோப்பை (முன் விறாந்தையை) அடைத்து ஒரு அறையாக்குகிறீர்கள். வோச்சர் வந்து “தொரை நிப்பாட்டச் சொன்னாரு” என்கிறார். இங்கே சிக்கல் கட்டட விதியில் இல்லை, காணியில். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்றவற்றின் பெயரில் இருக்கும் அதை 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. நாலு தலைமுறை குடியிருந்தாலும் உங்கள் கையில் உறுதி இல்லை. உறுதி இல்லாதவருக்குச் சபை கட்டட அனுமதி தர வழியில்லை.

“பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்களே, இப்போது சபை தோட்டத்துக்குள் வரலாமே” என்று கடையில் அடிக்கடி வாதம் நடக்கும். பாதி சரி. 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018 இல் அதைத் திருத்தினார்கள். இனிச் சபை உங்கள் லயத்துக்குப் பாதை போடலாம், விளக்குப் போடலாம். ஆனால் காணியின் உரிமை அந்தத் திருத்தத்தால் உங்கள் பெயருக்கு மாறவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சபையில் போய்ச் சண்டை பிடித்துத் திரும்பியவர்கள் பலர்.

அப்படியானால் வழி? தொடங்கும் முன் தோட்ட முகாமையாளருக்கு, அதாவது துரைக்கு, ஒரு கடிதம். என்ன கட்டப் போகிறீர்கள், எத்தனை அடிக்கு எத்தனை அடி, என்ன பொருளால், மழைநீர் எங்கே போகும் என்று எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். ஆட்சேபணை இல்லை என்ற பதில் எழுத்தில் வரும்வரை கல் சுமக்க வேண்டாம். வாய்ச்சொல்லில் “சரி கட்டுங்க” என்ற துரை மாறிப் போவார், புதுத் துரைக்கு அந்த வாய்ச்சொல் தெரியாது. கடிதம் கிடைத்தாலும் அது கட்டட அனுமதி ஆகாது, இடிக்கச் சொல்லி வரும்போது காட்ட ஒரு தாள், அவ்வளவே. ஆகவே கட்டுவது இலேசாக இருக்கட்டும். தகரமும் மரச்சட்டமும் கழற்றிக் கொண்டுபோகலாம், கொங்கிறீட்டை முடியாது. லயத்தின் பொதுச் சுவரில் துளைபோட்டுக் கூரையை மாட்டினால் பக்கத்துக் காம்பராக்காரரும் பகையாவார், அதையும் யோசியுங்கள்.

தோட்ட வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்கள் நிலைமை வேறு. உறுதி கையில் இருந்தால் நீங்கள் மற்ற எல்லோரையும் போல நேரே சபைக்குப் போகலாம். வீடு கிடைத்து, உறுதி இன்னும் வராதவர்கள் முதலில் பிரதேச செயலகத்தில் அதைத் துரத்துங்கள்.

“பின்னால் இடம் விடவில்லை” என்று நிராகரிக்கிறார்கள்

பின்வளவு வேலைகளில் அதிகம் விழுகிற குறை இது. காரணம் எளிது: நீங்கள் குசினி இறக்க நினைக்கிற இடம்தான் சட்டம் வெறுமையாக விடச் சொல்கிற இடம். நகர அபிவிருத்தி விதிகளில் சாதாரண உயரமுள்ள வீட்டுக்குப் பின்னெல்லையிலிருந்து 2.3 மீற்றர், ஏறக்குறைய ஏழரை அடி, திறந்த இடம் விட வேண்டும். ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு நடுவில் நின்றால், பின்னால் மிஞ்சுவதை நாடா பிடித்து ஒரு தரம் அளந்து பாருங்கள். வெட்டிய சரிவையும் தாங்கு சுவரையும் வெறும் இடமாகக் கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. எல்லைக்கல் சரிவின் மேலேயா கீழேயா என்பதை நில அளவையாளரிடம்தான் கேட்க வேண்டும், பாட்டன் சொன்னதை வைத்து அல்ல.

தீர்வு பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கிறது. பின்னால் நீட்டாமல் பக்கத்தில் நீட்டுவது, அல்லது இருக்கிற குசினிக்கு மேலே ஒரு தட்டு. எல்லையை ஒட்டிய சுவரில் யன்னல் மட்டும் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் முன் டி.ஓ. பார்ப்பார்.

பி.எச்.ஐ. மலசலகூடத்தை நிறுத்தச் சொல்கிறார்

அவர் பார்ப்பது கிணறு, ஊற்று, தண்ணீர் பிடிக்கும் பீலி. உறிஞ்சு குழிக்கும் குடிநீருக்கும் இடையே குறைந்தது ஐம்பது அடி என்பது ஊர் வழக்கில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அறுபது வைத்துக்கொண்டால் வாதமே வராது. மலையில் தூரம் மட்டும் போதாது, குழி மேலேயும் பீலி கீழேயும் இருந்தால் அவர் விடமாட்டார், விடவும் கூடாது. என் மண்முகத்தில் பேனா இறங்கிய ஈரம் எங்கிருந்து வந்தது என்று மேலே சொன்னேனே. குழியின் இடத்தை மாற்றி வரைபடத்தில் கீறி, குழி மூடும் முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மூடிய பிறகு காட்டினால் தோண்டச் சொல்வார்.

மாட்டுக் கொட்டில், கோழிக் கூடு எல்லாம் இதே கதைதான். சாணித் தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது.

மதிலை வீதிக்காரர் நிறுத்துகிறார், பலா மரத்தைக் கிராம சேவகர், மண் லொறியைப் பொலிஸ்

மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஏ, பி தரப் பாதையை ஒட்டிய வளவென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்க வேண்டும், சபையின் அனுமதி மட்டும் போதாது. ரயில் பாதை ஓரம் என்றால் புகையிரதத் திணைக்களம். பலா, ஈரப்பலா மரங்களைச் சொந்த வளவில் நின்றாலும் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாது, 1951 இலிருந்து அதற்கொரு சட்டம் இருக்கிறது. வெட்டிய மண்ணை லொறியில் வெளியே ஏற்ற வேண்டுமென்றால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதியைப் பற்றி லொறிக்காரரிடம் அல்ல, பணியகத்திடமே கேளுங்கள். மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிடலாம் என்ற யோசனை வேண்டாம். அங்கே ஓர் ஓடை இருக்கும், ஓடைக்குக் கீழே ஒரு வீடு இருக்கும்.

பக்கத்து வீட்டார் பெட்டிசம் போட்டுவிட்டார்

பெட்டிசம் வந்தால் சபை வந்து பார்த்தே ஆகும், பரிசோதகர்மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. அனுமதியும் எல்லையும் சரியாக இருந்தால் பார்த்துவிட்டுப் போய்விடுவார். உண்மையில் எல்லைத் தகராறு இருந்தால் சபை அதைத் தீர்க்காது. ஊர் மத்தியஸ்த சபைக்குப் போங்கள், வழக்கறிஞர் செலவில்லை. என் அனுபவத்தில் பெட்டிசத்தின் வேர் பாதிக்குப் பாதி கூரைத் தண்ணீர்தான். கூரைப் பீலி வைத்துத் தண்ணீரைக் கானுக்குத் திருப்பியதும் பெட்டிசக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்த வீடும் எனக்குத் தெரியும்.

கோப்பு அசையவே இல்லை, அல்லது வந்த கடிதம் சிங்களத்தில்

விண்ணப்பம் கொடுத்த துண்டில் கோப்பு இலக்கம் இருக்கும். “என் பிளான் என்னாச்சு” என்று கேட்காமல், “இந்த இலக்கக் கோப்பு அடுத்த திட்டமிடல் குழுவுக்குப் போகிறதா” என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் “பிறகு வாங்க” என்பதுதான் பதில். இரண்டாவது கேள்விக்குக் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும். டி.ஓ. வெளிக்கள வேலைக்குப் போகாமல் ஆபீஸில் இருக்கும் நாள் எது என்று காவலாளிக்குத் தெரியும்.

இரண்டு தரம் போயும் பதில் இல்லையென்றால், 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம். கோப்பு இப்போது யாரிடம், என்ன குறை, குழு எப்போது பார்த்தது என்று மூன்று கேள்வி போதும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மிரட்டலாக எழுத வேண்டாம். அந்த விண்ணப்பம் மேசைக்கு வந்ததும் கோப்பு தானாகவே கீழ் இழுப்பறையிலிருந்து மேலே வருவதை நான் எதிர்க்கடையிலிருந்து பலமுறை கண்டிருக்கிறேன்.

கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் வெட்கப்படாமல் தமிழில் கேட்டு ஒரு வரி எழுதுங்கள். 1987 இலிருந்து தமிழும் ஆட்சி மொழி. தராவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். ஆனால் அறிவித்தலில் திகதி போட்டிருந்தால் மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள், சிங்களம் தெரிந்த யாரிடமாவது அன்றே வாசித்துக் கேளுங்கள். அவகாசம் தமிழுக்காக நிற்காது.

“கொஞ்சம் கவனிச்சிங்கன்னா சரி” என்கிறார்

“எவ்வளவு சேர், எந்தக் கவுண்டர்ல கட்டணும், ரிசீட் யார் தருவாங்க?” என்று அப்பாவியாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடியும். முடியாவிட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இருக்கிறது. கொடுப்பதும் குற்றம்தான். அதைவிட, காசு கொடுத்து வாங்கிய ‘அனுமதி’க்குக் கோப்பில் தாள் இருக்காது. அடுத்த டி.ஓ. வந்ததும் நீங்கள் முதலாம் தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: பரிசோதகர் நாலு குறை சொன்னார் என்பதற்காக அவர் காசு எதிர்பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். என் மண்முகத்தில் பேனா குத்திய மனிதர் என் தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

கட்டி முடித்தாயிற்று, ஆனால் சி.ஓ.சி. தரமாட்டேன் என்கிறார்கள்

சி.ஓ.சி. என்பது கட்டியது வரைபடத்தின்படிதான் என்று சபை தரும் இணக்கச் சான்றிதழ். மின்சார இணைப்பு, வங்கிக் கடன், விற்பனை எல்லாவற்றுக்கும் பிறகு இதைத்தான் கேட்பார்கள். மறுக்கக் காரணம் அநேகமாக ஒன்றே: பாதியில் பாஸும் நீங்களும் சேர்ந்து எதையோ மாற்றியிருப்பீர்கள். யன்னல் இருந்த இடத்தில் கதவு, கூரை ஓர் அடி நீளம், கான் இல்லை. சின்ன மாற்றமென்றால் இருப்பதை அப்படியே கீறிய திருத்திய வரைபடத்தைப் படவரைஞரிடம் வாங்கிக் கொடுங்கள். என்.பி.ஆர்.ஓ. நிபந்தனையை விட்டிருந்தால் வரைபடம் உதவாது, கானை வெட்டித்தான் ஆக வேண்டும்.

இடையில் பணம் முடிந்து வேலை நின்றவர்கள் அனுமதிப் பத்திரத்தின் காலாவதித் திகதியைப் பாருங்கள். திகதிக்கு ஒரு மாதம் முன்னால் நீட்டிப்புக் கேட்டால் கட்டணத்தோடு முடியும், கடந்துவிட்டால் பழைய கோப்பையே மறுபடி தூசி தட்ட வேண்டும். நிபந்தனைச் சுவர் கட்டும்போது, மூடி மறைக்கும் முன், சல்லியும் குழாயும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். என் சி.ஓ.சி.க்கு டி.ஓ. கேட்டது அந்தப் போட்டோவைத்தான். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனார், தலைக்கானில் அடைத்திருந்த கருப்பந்தேயிலை (யூக்கலிப்டஸ்) இலைகளைக் காலால் தள்ளிவிட்டு, வாரத்துக்கு ஒரு தரம் இதைக் கிளீன் பண்ணச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.